உணவகச் சுகாதார ஆய்வு

உணவகச் சுகாதார ஆய்வு என்பது, சமைத்த உணவை விற்கும் இடத்தின் அடுக்களை, சேமிப்பறை, தண்ணீர், பணியாளர்கள், ஆவணங்கள் ஆகியவற்றை அரசு அலுவலர் நேரில் சோதித்து, குறை கண்டால் நடவடிக்கை எடுக்கும் பணி. இந்தியாவில் இதற்கு அடிப்படை 2006ஆம் ஆண்டின் உணவு பாதுகாப்பு மற்றும் தரங்கள் சட்டம். அது 2011 ஆகஸ்ட் 5 அன்று நடைமுறைக்கு வந்தது. அதுவரை இருந்த 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே உணவுக் கலப்படத் தடைச் சட்டம். அதன் கண் மிளகில் பப்பாளி விதையையும் பாலில் தண்ணீரையும் தேடியதே தவிர, சமையலறைக்குள் அதிகம் நுழையவில்லை. அக்காலப் பதவிப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது: உணவு பாதுகாப்பு அலுவலர் வந்தால் கல்லாவில் இருப்பவர் இன்றும் ‘ஃபுட் இன்ஸ்பெக்டர் வந்திருக்கார்’ என்றுதான் உள்ளே குரல் கொடுக்கிறார்.

தமிழ்நாட்டில் மாநில அளவில் உணவு பாதுகாப்பு ஆணையரும், மாவட்டத்துக்கு ஒரு நியமன அலுவலரும், அவருக்குக் கீழே களத்தில் உணவு பாதுகாப்பு அலுவலர்களும் இருக்கிறார்கள். மாதிரிகளைச் சோதிக்க சென்னை, கோயம்புத்தூர், சேலம், தஞ்சாவூர், மதுரை, பாளையங்கோட்டை ஆகிய ஊர்களில் அரசு ஆய்வகங்கள் உள்ளன.

சோதனை நடக்கும் விதம்

முதலில் பார்க்கப்படுவது சுவரில் மாட்டிய சான்று. அதிலுள்ள 14 இலக்க எண்ணுக்கு ஒரு இலக்கணம் உண்டு. 1இல் தொடங்கினால் உரிமம், 2இல் தொடங்கினால் சிறு வணிகருக்கான பதிவு; அடுத்து வரும் 24 தமிழ்நாட்டைக் குறிக்கும். 2011ஆம் ஆண்டு விதிமுறைகள், ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட கடைக்குப் பதிவு போதும் என்று வகுத்தன.

அதன் பிறகு அடுக்களை. விதிமுறைகளின் நான்காம் அட்டவணைதான் அலுவலரின் கையேடு. சமையல்காரருக்கு ஆண்டுதோறும் மருத்துவப் பரிசோதனை நடந்ததா, டைபாய்டு தடுப்பூசி போட்டதற்குச் சான்று உண்டா, தண்ணீரைச் சோதித்த அறிக்கை எங்கே, கை கழுவும் இடத்தில் சோப்பு இருக்கிறதா என்று கேள்விகள் நீளும். பச்சை இறைச்சி வெட்டும் பலகையிலேயே வெங்காயமும் நறுக்கப்படுகிறதா என்று பார்ப்பார்கள். சிக்கன் 65 கண்ணைப் பறிக்கும் சிவப்பில் இருந்தால் அலமாரியில் கலர்பொடி டப்பாவைத் தேடுவார்கள். பிரியாணிக்கும் பொரித்த கோழிக்கும் செயற்கை நிறமி சேர்க்க அனுமதி இல்லை. வடைச்சட்டி எண்ணெயில் கருவியை நனைத்து, திரும்பத் திரும்பக் காய்ச்சுவதால் உண்டாகும் முனைவுச் சேர்மங்களை அளப்பதும் உண்டு. 2018 ஜூலை 1 முதல் அதற்கு 25 விழுக்காடு உச்சவரம்பு. அதைத் தாண்டிய எண்ணெயை மறுபடி அடுப்பில் ஏற்றக் கூடாது.

வெப்பமும் நேரமும்

கெட்டுப்போன இறைச்சியைக் கிலோ கணக்கில் கொட்டி, மேலே பிளீச்சிங் பவுடர் தூவும் படம்தான் செய்தித்தாளில் வரும். ஆனால் நாற்றமடிக்கும் இறைச்சியை வாடிக்கையாளரின் மூக்கே பாதி தடுத்துவிடும். அதைவிட ஆபத்தானது மணமும் ருசியும் மாறாமல் இருக்கும் உணவு. 5 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் நுண்ணுயிரிகள் வேகமாகப் பெருகும். அதனால்தான் சூடாகப் பரிமாறுவதை 60க்கு மேலும், குளிர்ந்ததை 5க்குக் கீழும் வைக்கச் சொல்கிறார்கள்.

சாதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பேசிலஸ் செரியஸ் என்ற நுண்ணுயிரியின் வித்துகள் அரிசியிலேயே இருக்கும், கொதியில் சாகாது. காலையில் வடித்த சாதத்தை மூடியபடி அண்டாவிலேயே விட்டால், ஓரம் ஆறினாலும் நடுவில் பல மணி நேரம் இளஞ்சூடு நிற்கும். வித்துகள் முளைக்க அது போதும். அவற்றில் ஒரு வகை சுரக்கும் வாந்தி நஞ்சு, இரவில் அதே சாதத்தை ஃபிரைடு ரைஸாகக் கல்லில் புரட்டினாலும் அழியாது. ‘நல்லா சூடு பண்ணித்தானே கொடுத்தோம்’ என்ற பதில் இங்கே செல்லாது. சாதத்தை அகலமான தட்டங்களில் பரப்பி விரைவாக ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் வைப்பதே வழி.

ஷவர்மாவின் சிக்கல் வேறு. கம்பியில் செருகிய கோழி வெளிப்புறம் மட்டுமே தீயைப் பார்க்கிறது. கூட்டம் நெருக்கும்போது வேகாத உள்சதையும் சேர்த்துச் சீவப்படுகிறது. அதோடு பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் சேர்ந்தால் சால்மோனெல்லாவுக்கு இரண்டு வாசல். 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட மாணவி ஒருவர் இறந்தார். அந்தச் சம்பவத்தில் ஷிகெல்லா என்ற வேறொரு நுண்ணுயிரி கண்டறியப்பட்டது. 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் 14 வயதுச் சிறுமி இறந்தபின் அம்மாவட்டத்தில் ஷவர்மா விற்பனைக்குத் தற்காலிகத் தடை வந்தது. பச்சை முட்டை மயோனைஸை 2025 ஏப்ரல் 8 முதல் தமிழ்நாடு ஓராண்டுக்குத் தடை செய்தது. ஓர் ஆணையர் ஒரு பொருளுக்கு ஒருமுறை விதிக்கக்கூடிய தடைக்காலம் அதிகபட்சம் அவ்வளவுதான்.

மாதிரி எடுத்தல்

அலுவலர் மாதிரியை இலவசமாக எடுத்துக்கொள்வதில்லை. கடை விலையைக் கொடுக்க வேண்டும். சாட்சி முன்னிலையில் மாதிரி நான்காகப் பிரிக்கப்படும். ஒவ்வொன்றையும் தடித்த தாளில் சுற்றி, நியமன அலுவலரின் கையொப்பமும் குறியீட்டு எண்ணும் உள்ள காகிதச் சீட்டை அடியிலிருந்து மேல்வரை ஒட்டி, கடைக்காரரின் கையெழுத்து பாதி சீட்டிலும் பாதி உறையிலும் விழும்படி வாங்குவார்கள். நூலால் கட்டி, முடிச்சின் மேல் அரக்கு உருக்கி முத்திரை பதிப்பார்கள். ஒரு பகுதி பகுப்பாய்வாளருக்குப் போகும், இரண்டு நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும். நான்காவதைக் கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அறிக்கை 14 நாளில் வர வேண்டும். அதை எதிர்த்து 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். கலப்படத்தைப் பிடிக்க இந்த ஏற்பாடு கச்சிதமானது. நச்சுணவுப் புகாரில் பெரும்பாலும் உதவுவதில்லை, ஏனென்றால் புகார் வருவதற்குள் அந்த அண்டா கழுவிக் கவிழ்க்கப்பட்டிருக்கும்.

நடவடிக்கை

சிறு குறைகளுக்கு மேம்பாட்டு அறிவிப்பு தரப்படும். சரிசெய்யக் குறைந்தது 14 நாள் அவகாசம் உண்டு. கேட்காவிட்டால் உரிமம் நிறுத்திவைக்கப்படும், பிறகு ரத்தாகும். சுகாதாரக் கேடான சமையலுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரையும், தரக்குறைவான உணவுக்கு 5 லட்சம் வரையும் அபராதம். தமிழ்நாட்டில் இவ்வழக்குகளை மாவட்ட வருவாய் அலுவலர் விசாரிக்கிறார். பாதுகாப்பற்ற உணவால் உயிர் போனால் நீதிமன்றம், குறைந்தது 7 ஆண்டு சிறை.

சாப்பிட வந்தவரும் உணவைச் சோதனைக்கு அனுப்பலாம் என்று சட்டத்தின் 40ஆம் பிரிவு சொல்கிறது. கட்டணம் அவருடையது, குறை உறுதியானால் பணம் திரும்பக் கிடைக்கும். ஒரே நிபந்தனை, இதைச் சோதிக்கப் போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும்.