கல்கத்தாவின் மேசைப் பணியும் நீரிழிவும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், பிரிட்டிஷ் இந்தியாவின் தலைநகராக விளங்கிய கல்கத்தாவில், அரசு அலுவலகங்களையும் நீதிமன்றங்களையும் வணிக நிறுவனங்களையும் நம்பி வாழ்ந்த படித்த வங்காளி நடுத்தர வகுப்பினரிடையே நீரிழிவு மிகுந்திருப்பதை மருத்துவர்கள் கவனிக்கத் தொடங்கினர். 1907இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் வெப்பமண்டல நாடுகளின் நீரிழிவைப் பற்றித் தனியே ஒரு விவாதம் நடத்தியபோது, கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் பணியாற்றியிருந்த ஹேவ்லாக் சார்லஸும் அந்நகரின் மருத்துவர் கைலாஸ் சந்திர போஸும் அதில் பங்கேற்றனர். உட்கார்ந்த பணி, உடலுழைப்பின்மை, சோறும் இனிப்பும் மிகுந்த உணவு, மூளை உழைப்பின் களைப்பு ஆகியவை அக்காலத்தில் காரணங்களாகச் சொல்லப்பட்டன. இவற்றுள் மூளைக் களைப்பு என்னும் கருத்து இன்று நிலைக்கவில்லை எனினும், பணியின் அமைப்புக்கும் நோய்க்கும் தொடர்புண்டு என்ற கணிப்பு சரியானதே. மருத்துவரை நாட வசதியுள்ளவர்களே கணக்கில் வந்தார்கள் என்பதால், சணல் ஆலைத் தொழிலாளரிடமும் சுமைகூலிகளிடமும் இந்நோய் எவ்வளவு இருந்தது என்பதை அப்பதிவுகளைக் கொண்டு அறிய இயலாது. இது சிறிய குறையன்று. நீரிழிவு வசதியுள்ளோரின் நோய் என்னும் எண்ணம் நெடுங்காலம் நீடித்ததற்கு இதுவும் ஒரு காரணமாகும்.

1921இல் செயல்படத் தொடங்கிய கல்கத்தா வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் ஜே. பி. போஸ் நீரிழிவு ஆய்வை நெடுங்காலம் நடத்தினார். அவரும் மருந்தியலாளர் ஆர். என். சோப்ராவும், வங்காளிகள் தேலாகுச்சா என்றழைக்கும் கோவைக்கொடியை நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதித்து, அது சர்க்கரையைக் குறைக்கவில்லை என்று 1925இல் வெளியிட்டனர். மக்கள் நம்பிய மருந்தைப் புறக்கணிக்காமலும் அப்படியே ஏற்காமலும் அளந்து பார்த்த அந்தப் பொறுமை போற்றத்தக்கது.

நோயாளி தன் நோயைத் தானே அளக்கும் வழக்கம் சிறுநீர்ச் சோதனையிலிருந்து தொடங்கியது. செப்பு உப்பு கலந்த நீலநிற பெனடிக்ட் கரைசலில் 5 மில்லிலிட்டர் எடுத்து, அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் கொதிக்க வைத்தால், சர்க்கரையின் அளவுக்கேற்ப நிறம் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என மாறிச் செங்கல் சிவப்பு வரை செல்லும். ஆயினும் அது முன்பே சிறுநீரில் சேர்ந்திருந்த சர்க்கரையைக் காட்டியதேயன்றி, அந்நேரத்து இரத்தத்தின் நிலையைக் காட்டவில்லை. விரல் நுனியின் ஒரு துளி இரத்தத்தைக் கொண்டு அளக்கும் சிறு கருவிகள் வீடுகளுக்கு வந்த பின்னரே அக்குறை தீர்ந்தது.

அடுத்த மாற்றத்திற்கான தொடர்புச் சாதனமான கைப்பேசியும் கல்கத்தாவில்தான் இந்தியாவில் முதன்முதலாகப் பயன்பட்டது. கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தர்களுக்காகக் கட்டப்பட்டுப் பின்னர் தலைமைச் செயலகமான ரைட்டர்ஸ் பில்டிங்கிலிருந்து, 1995 ஜூலை 31 அன்று மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதி பாசு தில்லியிலிருந்த மத்திய அமைச்சர் சுக் ராமை அழைத்ததே நாட்டின் முதல் கைப்பேசி உரையாடலாகும். அழைப்பைப் பெறுபவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த அந்த ஆடம்பரப் பொருள், ஒரு தலைமுறைக்குள் எளிய தொழிலாளியின் கையையும் அடைந்தது.

கைப்பேசி நோயைத் தடுக்க உதவுமா என்பதைச் சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் தலைமையிலான குழு உழைக்கும் ஆண்களிடமே சோதித்தது. தென்னிந்தியத் தொழிற்கூடங்களில் பணிபுரிந்த, நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 பேர் இரு பிரிவாக்கப்பட்டு, ஒரு பிரிவினருக்கு உணவு, உடற்பயிற்சி பற்றிய குறுஞ்செய்திகள் தொடர்ந்து அனுப்பப்பட்டன. 2013இல் வெளியான முடிவின்படி, இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்ற 271 பேரில் 50 பேருக்கும், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்ற 266 பேரில் 73 பேருக்கும் நீரிழிவு வந்தது. குறுஞ்செய்தியின் இடத்தைப் பிறகு செயலிகள், அதாவது அளவுகளைப் பதிந்து, மருந்து நேரத்தை நினைவூட்டி, மருத்துவருக்கு அனுப்பும் கைப்பேசி மென்பொருள்கள், பிடிக்கத் தொடங்கின.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான ஆய்வு, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. அவர்களுக்குச் செயலி பயன்பட வேண்டுமானால், அது நினைவூட்டும் நேரத்தில் எழுந்து நடக்கவோ, உண்ணவோ, விரலில் ஊசி குத்தி அளக்கவோ பணியிடம் இடம் தர வேண்டும். ஒவ்வோர் அளவுக்கும் புதிதாக ஒரு சோதனைப் பட்டை வாங்கக் கூலியும் போதுமானதாக இருக்க வேண்டும். 1907இல் கல்கத்தா மருத்துவர்கள் பேசிய பணியமைப்பு என்னும் காரணம், ஹூக்ளி ஆற்றங்கரை ஆலைகளின் முறைவேலைக்காரர்களுக்கும் கல்கத்தாவை அடுத்த சால்ட் லேக்கின் கணினி நிறுவனங்களின் இரவுப் பணியாளர்களுக்கும் இன்னும் தீர்க்கப்படாமலே உள்ளது.