தானியங்கி லினக்ஸ் நிறுவலில் நெட்வொர்க் கார்டு அமைப்பு

ஆள் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் தட்டாமல், விடைகளை முன்பே எழுதிவைத்த கோப்பைக் கொண்டு சர்வரில் லினக்ஸை ஏற்றும்போது, அதன் நெட்வொர்க் போர்ட்டுகளில் எது எந்த வலையைச் சேர்ந்தது என்று நிறுவிக்குத் தெரிவிக்கும் முறை. இந்த விடைக்கோப்புக்கு ரெட் ஹாட்டில் கிக்ஸ்டார்ட், டெபியனில் பிரிசீட், சூசேயில் ஆட்டோயாஸ்ட் என்று பெயர்.

சர்வர்கள் ஒரே வார்ப்பாக இருந்தால் ஒரு கோப்பே போதும். தரமணி கணித அறிவியல் நிறுவனத்தின் ‘கப்ரு’ அப்படிப்பட்டது: இரட்டை ஜியான் செயலி கொண்ட 144 கணுக்கள். 2004 ஜூனில் உலகின் முதல் 500 கணினிகள் பட்டியலில் அது இடம்பிடித்தது. சிறுசேரி சிப்காட் பூங்கா, கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையம் என்று சர்வர்களைக் கூட்டமாக வைத்து நடத்தும் இடங்கள் இன்று பல. எங்கேயானாலும், டெண்டருக்கு டெண்டர் குறைந்த விலை சொன்னவரிடம் வாங்கினால் ஒரே ரேக்கில் மூன்று கம்பெனிப் பெட்டிகள் சேர்ந்துவிடும். தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

பழைய லினக்ஸ், கார்டுகளைக் கண்டுபிடித்த வரிசையில் ‘ஈத்0’, ‘ஈத்1’ என்று பெயர் வைத்தது. வரிசை மாறினால் பெயரும் மாறும். 2013 ஜனவரியில் வந்த சிஸ்டம்டி 197, கார்டு இருக்கும் இடத்தை வைத்துப் பெயரிட்டது: தாய்ப்பலகையில் உள்ளது ‘எனோ1’, மூன்றாம் பஸ்ஸில் உள்ளது ‘என்பி3எஸ்0’. ஒரு பெட்டிக்குள் இது நிலையானது. ஆனால் ஒரு மாடலின் ‘எனோ1’ அடுத்த மாடலில் இல்லாமல் போகலாம். ‘கணிக்கத்தக்க பெயர்கள்’ என்பது இதற்குச் சூட்டிய பட்டம். பெட்டியைத் திறந்து பார்க்காமல் கணிக்க முடியாது என்பது வேடிக்கை.

இன்னொரு முடிச்சு பெரியது. விடைக்கோப்பு வலையில் இருக்கிறது. வலையை அமைக்கும் விவரமோ அந்தக் கோப்புக்குள். பெட்டிச் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய கதைதான். இதை அவிழ்ப்பது மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு கார்டுக்கும் தயாரிப்பாளர் தரும் 48 பிட் அடையாள எண். 1999-ல் இன்டெல் வெளியிட்ட பிஎக்ஸ்இ 2.1 முறைப்படி சர்வர் வலைவழியே எழும்போது, பிஎக்ஸ்இலினக்ஸ் என்ற ஏற்று நிரலின் ‘ஐபிஅப்பெண்ட் 2’ என்ற ஒற்றை வரி, எந்தக் கார்டு வழியே எழுந்ததோ அதன் மேக் முகவரியைக் கர்னலுக்குச் சொல்லிவிடும். நிறுவி அந்தப் போர்ட்டையே திறக்கும். பெயர் எதுவானாலும் கவலையில்லை. ரெட் ஹாட் நிறுவியைக் கேட்டுக்கொண்டால், கோப்பைக் கேட்கும்போதே தன் கார்டுகளின் மேக் முகவரிகளையும் அனுப்பும். மறுமுனையில் இருக்கும் நிரல் அந்தப் பெட்டிக்கென்று தனிக் கோப்பு தயாரித்துத் தரலாம்.

டெபியன் நிறுவியில் ‘ஆட்டோ’ என்று விட்டால், இணைப்பு உயிரோடுள்ள போர்ட்டைத் தானே எடுத்துக்கொள்ளும். ஒற்றைக் கேபிள் என்றால் நல்ல வழி. இரண்டு கேபிள்கள் செருகியிருந்தால் தவறான வலையில் போய் நிற்கக்கூடும்.

மேக் முகவரியை நம்பும் இடத்தில் பதிவேடு சரியாக இருக்க வேண்டும். கார்டு பழுதாகி மாற்றினால் எண்ணும் மாறும். மறுநிறுவலுக்கு முன் புதிய எண்ணைப் பதியாவிட்டால் அந்தச் சர்வர் கோப்புக் கிடைக்காமல் நின்றுவிடும்.