செப்டம்பர் 5: ஒரே தேதியில் இரண்டு பேர்

செப்டம்பர் 5 என்றதும் முதலில் ஞாபகத்துக்கு வருவது ஆசிரியர் தினம். டாக்டர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தநாள், 1888. அதே தேதியில், அவருக்குப் பதினாறு வருஷம் முன்னால், 1872-ல் ஒட்டப்பிடாரத்தில் பிறந்தவர் வ.உ.சிதம்பரம் பிள்ளை. தாம்பரம், சேலையூர் பக்கம் எந்தப் பிள்ளையிடம் வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். முதல் பெயர் டக்கென்று வரும். இரண்டாவது பெயருக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள். அப்புறம் "கப்பல் ஓட்டுனாரே, அவரா?" என்பார்கள்.

ஒரே தேதியில் இரண்டு பெரியவர்கள் பிறந்ததில் அதிசயம் ஒன்றும் இல்லை. 23 பேர் கூடிய இடத்தில் யாராவது இரண்டு பேருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கும் வாய்ப்பு பாதிக்கு மேல். 70 பேர் என்றால் 99.9 சதவீதம். காலை எட்டரைக்குத் தாம்பரத்திலிருந்து பீச்சுக்குக் கிளம்பும் ரயிலில், எந்தப் பெட்டியில் ஏறினாலும் அப்படி ஒரு ஜோடி இருந்தே தீரும். அவர்களுக்குத்தான் தெரியாது. ஆக, தேதி ஒன்றாக அமைவது வெறும் கணக்கு. அந்தத் தேதியை யாருக்கு எழுதி வைக்கிறோம் என்பதுதான் சரித்திரம்.

இந்தத் தேதியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. ராதாகிருஷ்ணனின் மகன், வரலாற்றாசிரியர் சர்வபள்ளி கோபால், அப்பாவின் வாழ்க்கை வரலாற்றை எழுதியிருக்கிறார். ஆவணப்படி 1888 செப்டம்பர் 5 என்றாலும், தான் பிறந்தது 1887 செப்டம்பர் 20 என்றுதான் ராதாகிருஷ்ணனே நினைத்தார் என்று அதில் வருகிறது. நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களில் கேக் வெட்டுகிற தேதி, சம்பந்தப்பட்டவருக்கே சந்தேகம்!

எனக்கு இதில் பெரிய ஆச்சரியம் இல்லை. நம் பெரியவர்களுக்குப் பிறந்தநாள் என்றால் தமிழ் மாதமும் நட்சத்திரமும்தான். இங்கிலீஷ் தேதி பள்ளிக்கூடத்துக்காக வந்தது. வலது கையைத் தலைக்கு மேலே சுற்றி இடது காதைத் தொடச் சொல்வார்கள்; தொட்டுவிட்டால் ஐந்து வயசு முடிந்தது என்று வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். சாஃப்ட்வேரில் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: எந்தப் பழைய டேட்டாபேஸைத் திறந்தாலும் ஜூன் 1-லும் ஜனவரி 1-லும் பிறந்தவர்கள் கூட்டம் கூட்டமாக இருப்பார்கள். அவ்வளவு பிரசவம் ஒரே நாளில் எந்த ஊரிலும் நடந்திருக்காது.

சரி, இந்த இரண்டு பேரையும் 1908-ல் வைத்துப் பார்ப்போம்.

ராதாகிருஷ்ணன் அப்போது சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் தத்துவ மாணவர். வசதியில்லாத குடும்பம், உதவித்தொகையில் படிப்பு. தத்துவத்தை எடுத்ததற்குக் காரணம்கூட, உறவுக்காரப் பையன் ஒருவன் படித்து முடித்த புத்தகங்கள் இலவசமாகக் கிடைத்ததுதான். வேதாந்தத்தில் அறவியலுக்கு இடமில்லை என்ற குற்றச்சாட்டுக்குப் பதிலாக அவர் எழுதிய ஆய்வேடு அந்த வருஷம் புத்தகமாக வந்தது. அந்தக் கல்லூரி இன்று நம்ம தாம்பரத்தில் இருக்கிறது. ஆனால் இங்கே வந்தது 1937-ல்தான். 1908-ல் அது பாரிமுனையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே இருந்தது.

அதே 1908, ஜூலை 7. திருநெல்வேலியில் நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரண்டு ஆயுள் தண்டனை கொடுத்தார். சுப்பிரமணிய சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்கு இருபது வருஷம், அவரே பேசிய பேச்சுக்கு இருபது வருஷம். மேல்முறையீடு வந்தது சென்னை உயர் நீதிமன்றத்துக்கு. சாலைக்கு ஒரு பக்கம் வேதாந்த ஆராய்ச்சி நடந்த கல்லூரி, மறுபக்கம் ராஜத்துரோக வழக்கு. தண்டனை கடைசியில் ஆறு வருஷமாகக் குறைந்தது. கோயம்புத்தூர், கண்ணனூர் சிறைகளில் இருந்தார், செக்கு இழுத்தார். 1912 டிசம்பர் கடைசியில் வெளியே வந்தபோது அவருடைய சுதேசிக் கப்பல் கம்பெனி இல்லை. 1911-லேயே கலைத்துவிட்டார்கள். 'காலியா' கப்பல் போய்ச் சேர்ந்தது, யாரை எதிர்த்து ஓட்டினாரோ அந்த பிரிட்டிஷ் கம்பெனியிடமே.

அதற்குப் பிறகு நடந்ததுதான் பாடப்புத்தகத்தில் வராத பகுதி. சென்னையில் குடும்பத்தோடு மிகுந்த கஷ்டத்தில் இருந்தார். வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. அவருக்காகத் தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் சேர்த்துக் கொடுத்த பணம் காந்தியிடம் இருந்தது. அது தன் கைக்கு வர 1915-ல் அவர் காந்திக்குக் கடிதம் மேல் கடிதம் எழுத வேண்டியிருந்தது. கடைசியில் 1916-ல் வந்து சேர்ந்தது 347 ரூபாய் 12 அணா. ஒரு காலத்தில் லட்சக்கணக்கில் பங்கு திரட்டிக் கப்பல் வாங்கியவர்! அந்தக் கடிதங்களில் அவருடைய மரியாதையும் அவசரமும் ஒன்றாகத் தெரிகிறது. படிக்கவே சங்கடமாக இருக்கும். பிற்பாடு வாலஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. நன்றிக்காகத் தன் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார் வ.உ.சி. வெள்ளைக்காரன் கப்பலை எதிர்த்தவர் வீட்டில் ஒரு வெள்ளைக்காரன் பெயர். அதுதான் மனுஷன்.

இன்னொரு வருஷமும் இருவரையும் சேர்த்துக் கட்டுகிறது: 1936. அந்த வருஷம் ராதாகிருஷ்ணன் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். அதே நவம்பர் 18-ல் வ.உ.சி. தூத்துக்குடியில் கண்ணை மூடினார்.

ராதாகிருஷ்ணனைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தன் படிப்பால் மேலே வந்தவர், ஆசிரியர் தொழிலுக்கு ஒரு நாள் கேட்டார், அவ்வளவுதான். 1962 மே மாதம் குடியரசுத் தலைவர் ஆனார், அந்த வருஷமே செப்டம்பர் 5 ஆசிரியர் தினமானது. டெல்லியில் விருது விழா, பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை, பிள்ளைகள் கையில் ரோஜாப்பூ என்று ஒரு பெரிய ஏற்பாடே அந்தத் தேதியில் வந்து உட்கார்ந்துகொண்டது. வ.உ.சி.க்கு இருப்பது சிலைக்கு மாலை. அதுவும் தமிழ்நாட்டுக்குள் மட்டும். பள்ளி வருகிறவர்களுக்கு எது மனதில் பதியும் என்று சொல்லத் தேவையில்லை.

அப்படியானால் வ.உ.சி.க்கு வேறு தேதி பார்க்கலாமே என்று தேடினேன். என் கண்ணில் பட்டது அக்டோபர் 16. சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவானது 1906 அக்டோபர் 16. பிறந்த தேதி போல யாரோ உத்தேசமாகப் போட்டதில்லை. அவர் தன் கையால் செய்த காரியத்தின் தேதி. கர்சன் வங்காளத்தை இரண்டாகப் பிரித்தது அமலுக்கு வந்தது 1905 அக்டோபர் 16. அந்தக் கோபத்தில் கிளம்பியதுதான் சுதேசி இயக்கம். சரியாக ஒரு வருஷம் கழித்துத் தூத்துக்குடியில் கப்பல் கம்பெனி.

ஆனால் அந்தத் தேதியும் காலியாக இல்லை. 1799 அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மனைத் தூக்கில் போட்டார்கள். அவருடைய பாஞ்சாலங்குறிச்சி, வ.உ.சி. பிறந்த ஒட்டப்பிடாரத்துக்குப் பக்கத்து ஊர்.