மக்கள்மய பஸ் கம்பனிகள் (இலங்கை)

1990களின் தொடக்கத்தில் இலங்கையின் அரச பஸ் டிப்போக்கள் தனித்தனிக் கம்பனிகளாக மாற்றப்பட்டு, அவற்றின் பங்குகளில் பாதி ஊழியருக்கு இலவசமாக வழங்கப்பட்டது. இவ்வாறு உருவானவையே மக்கள்மய பஸ் கம்பனிகள். ஊழியர் உடைமையை இந்நாடு பெரிய அளவில் பரீட்சித்த இம்முயற்சி பத்தாண்டுகூட நீடிக்கவில்லை.

பின்னணி

1958 ஜனவரி 1ஆம் திகதி தனியார் பஸ் சேவைகள் தேசியமயமாகி, இலங்கை போக்குவரத்துச் சபை பிறந்தது. 1978இல் அது ஒரு மத்திய சபையாகவும் ஒன்பது பிராந்திய சபைகளாகவும் பிரிக்கப்பட்டது. 1979இல் தனியார் பஸ்களுக்கு மீண்டும் அனுமதி கிடைத்தது. வருமானமுள்ள வழிகளில் அவை போட்டியிட்டன. பயணிகள் குறைந்த நேரமும் ஒதுக்குப்புறக் கிராமங்களும் மாணவர் பருவச்சீட்டும் அரச பஸ்களின் பொறுப்பாகவே இருந்தன; நட்டத்தைத் திறைசேரி சுமந்தது.

மக்கள்மயமாக்கல்

அரச கூட்டுத்தாபனங்களைப் பொதுக் கம்பனிகளாக்க 1987ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டம் வழிசெய்தது. ஜனாதிபதி ரணசிங்க பிரேமதாசவின் அரசு இக்கொள்கையை மக்கள்மயமாக்கல் என்ற பெயரில் முன்னெடுத்தது. பிற நிறுவனங்களில் ஊழியருக்குப் பொதுவாக 10 சதவீதப் பங்கே ஒதுக்கப்பட்டது. பெருந்தோட்டக் கம்பனிகளிலும் அதே அளவுதான். டிப்போக்களில் அது 50 சதவீதம். 90க்கும் மேற்பட்ட டிப்போக்கள் இதற்குள் வந்தன.

எதிர்பார்த்த நன்மைகள்

டிக்கட் கொடுக்காமல் காசு வாங்குவதும் உதிரிப்பாகங்கள் காணாமற்போவதும் பஸ் சேவையின் பழைய நோய்கள். சாரதியும் நடத்துநரும் மெக்கானிக்கும் பங்காளிகளானால் தங்கள் சொத்தைத் தாங்களே காப்பார்கள் என்பது கணக்கு. கொழும்பின் உத்தரவுக்குக் காத்திராமல் நேர அட்டவணையையும் திருத்த வேலையையும் டிப்போவிலேயே தீர்மானிக்கலாம் என்பது மற்றொரு ஆதாயம்.

சிக்கல்கள்

பஸ் கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் அரசிடமே இருந்தது. எரிபொருள் விலை ஏறினாலும் கம்பனி தன் விருப்பப்படி கட்டணத்தை உயர்த்த முடியாது. ஒரு வழியின் இலாபத்தால் இன்னொன்றின் நட்டத்தை ஈடுகட்டும் வாய்ப்பும் சுருங்கியது. அம்பாறை மாவட்டத்தில் இதை எளிதாகக் காணலாம்: கல்முனையிலிருந்து ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை ஊடாக அக்கரைப்பற்று வரையான கரையோர வீதியில் ஊர்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, மேற்கே வயல்வெளிகளுக்கு அப்பால் குடியிருப்புகள் சிதறிக் கிடக்கின்றன. முன்னதில் பஸ் நிறையும். பின்னதில் எரிபொருட் செலவே தேறாது. கிழக்கில் உள்நாட்டுப் போரும் சேர்ந்துகொண்டது.

கரையிலிருந்து வலை இழுக்கும் கரைவலைத் தொழிலில் வலை சம்மாட்டி எனப்படும் உரிமையாளருடையது. ஆனால் மீன் பட்டால் இழுத்தவருக்கும் பங்குண்டு. டிப்போவில் நிலைமை மறுதலை: பங்குப் பத்திரம் கைவசம் இருந்தது, பிரித்துக்கொள்ள இலாபம் இல்லை. சம்பளமும் முதலீடும் ஒரே கம்பனியில் தங்கியிருந்ததால், அது தளர்ந்தபோது ஊழியருக்கு இரண்டுமே ஆட்டங்கண்டன.

முடிவு

1997இல் இக்கம்பனிகள் 11 பிராந்தியக் கம்பனிகளாக ஒன்றிணைக்கப்பட்டன. 2005ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் அவற்றை மீண்டும் ஒரே இலங்கை போக்குவரத்துச் சபையாக்கியது.

ஒப்பீடு

கேரளத்தின் வடகரைக்கு அருகே, வாக்படானந்தரின் சீர்திருத்த இயக்கத்தின் தூண்டுதலால் 1925இல் தொடங்கிய ஊராளுங்கல் தொழிலாளர் ஒப்பந்தக் கூட்டுறவுச் சங்கம் நூற்றாண்டைக் கடந்துவிட்டது. அங்கே தொழிலாளர் தம் பணத்தை இட்டு உறுப்பினராகின்றனர்; இயக்குநர்களைத் தாமே தேர்கின்றனர்; எந்த வேலையை என்ன விலைக்கு ஏற்பது என்பதைச் சங்கமே முடிவுசெய்கிறது. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் 1956இல் தோன்றிய மொன்ட்ராகன் கூட்டுறவுகளிலும் உறுப்பினருக்கு ஆளுக்கொரு வாக்கு. மக்கள்மய கம்பனிகளில் பங்கு மட்டுமே கைமாறியது. விலையும் வழித்தடமும் பற்றிய முடிவுகள் ஊழியர் கைக்கு வரவில்லை.