பள்ளிவாசலுக்கு ஏசி: வாங்கும் விலை மட்டும்தான் செலவா?

கோடை நெருங்கும்போதெல்லாம் நம் ஊர் ஜமாஅத் கூட்டங்களில் தவறாமல் எழும் கோரிக்கை, பள்ளிவாசலுக்கு ஏசி போட வேண்டும் என்பது. முதியவர்களும் நோயாளிகளும் வெயில் காலத்தில் லுஹருக்கும் ஜும்ஆவுக்கும் வந்து படும் சிரமத்தைப் பார்க்கும் யாரும் இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிட முடியாது. வெளிநாட்டில் பணிபுரியும் சகோதரர் ஒருவரோ, உள்ளூர் வணிகர் ஒருவரோ ஸதகத்துல் ஜாரியாவாக இயந்திரங்களை வாங்கித் தர முன்வருகிறார். அல்ஹம்துலில்லாஹ், நல்ல காரியம்.

ஆனால் இயந்திரத்தைத் தருபவர் ஒருவர். அதற்கு மாதா மாதம் கரண்ட் பில் கட்டப்போவது ஜமாஅத். இந்த இரண்டாவது செலவை யாரும் முன்கூட்டியே கணக்குப் பார்ப்பதில்லை. அதனால்தான் சில இடங்களில் ஏசி மாட்டிய இரண்டாம் வருடமே, 'ஜும்ஆவுக்கு மட்டும் போடப்படும்' என்ற அறிவிப்புப் பலகை தொங்குகிறது. இன்னும் சில இடங்களில் இமாம், மோதினார் சம்பள உயர்வைத் தள்ளிப்போட வேண்டி வருகிறது. பள்ளிவாசலின் பணம் அமானிதம். அதைச் செலவிடும் முன் முழுக் கணக்கையும் போட்டுப் பார்ப்பது நிர்வாகத்தின் கடமை. அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

செலவு இரண்டு வகை

குளிரூட்டும் சாதனம் எதுவானாலும் அதன் செலவை இரண்டாகப் பிரிக்கலாம்.

ஒன்று, உடைமைச் செலவு. இயந்திரத்தின் விலை, மாட்டும் கூலி, செப்புக் குழாய், புதிய வயரிங், மும்முனை இணைப்பு, மின்வாரியத்தில் லோடு உயர்த்தும் கட்டணம் எல்லாம் இதில் அடங்கும். இயந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இந்தச் செலவு செய்தாகிவிட்டது. ஆயுள் முடிந்ததும் மீண்டும் வரும்.

இரண்டு, இயக்கச் செலவு. கரண்ட் பில், சர்வீஸ், பழுது, உதிரி பாகம். இது எத்தனை மணி நேரம் ஓட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது.

இரண்டையும் சேர்த்து ஒரு வருடத்துக்கு எவ்வளவு என்று பார்த்தால்தான் உண்மையான விலை தெரியும்.

எத்தனை டன் தேவை?

டன் என்பது இயந்திரத்தின் எடை அல்ல. ஒரு டன் ஐஸ் கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுக்குமோ, அந்த அளவு குளிரூட்டும் திறனே ஒரு டன். அது ஏறக்குறைய 3.5 கிலோவாட்.

வீட்டு அறைக்குச் சதுர அடியை வைத்து டன் சொல்லிவிடலாம். பள்ளிவாசலுக்கு அது மட்டும் போதாது. ஆட்களின் எண்ணிக்கையையும் பார்க்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரின் உடலிலிருந்து சுமார் 100 வாட் வெப்பம் வெளியாகிறது. ஜும்ஆவில் 250 பேர் அமர்ந்தால் அதுவே 25 கிலோவாட். அதாவது கூரை வெப்பம், ஜன்னல் வழி வரும் வெயில் எதையும் சேர்க்காமல், ஆட்களுக்கு மட்டுமே சுமார் 7 டன் வேண்டும். ஆனால் அதே பள்ளியில் சாதாரண நாளில் அஸருக்கு வருவது இருபது, முப்பது பேர். வாரத்தில் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தேவை, மற்ற நேரமெல்லாம் வேறு தேவை. பள்ளிவாசல் ஏசி கணக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

ஒரு மாதிரிக் கணக்கு

2,000 சதுர அடி ஹாலுக்கு 2 டன் ஸ்பிளிட் ஏசி எட்டு மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகளும் யூனிட்டுக்கு 8 ரூபாய் என்பதும் கணக்குக்காக நாம் எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையையும், உங்கள் பில்லில் உள்ள விகிதத்தையும் போட்டுக்கொள்ளுங்கள்.

உடைமைச் செலவு:
- இயந்திரம்: 8 × 55,000 = 4,40,000 ரூபாய்
- வயரிங், குழாய், லோடு உயர்வு: 1,50,000 ரூபாய்
- மொத்தம் 5,90,000. ஆயுள் 10 வருடம் என்றால் வருடத்துக்கு 59,000 ரூபாய்

இயக்கச் செலவு:
- ஓர் இயந்திரம் மணிக்கு சுமார் 2 யூனிட். எட்டும் ஓடினால் 16 யூனிட்
- ஐந்து வேளைக்கும் சேர்த்து நாளுக்கு மூன்றரை மணி நேரம், வருடத்தில் 240 நாள்: 13,440 யூனிட்
- கரண்ட்: 1,07,520 ரூபாய்
- சர்வீஸ், பழுது: 30,000 ரூபாய்

ஆக வருடத்துக்கு 1,96,520 ரூபாய். பத்து வருடத்தில் ஏறத்தாழ 19 லட்சத்து 65 ஆயிரம். கொடையாளர் தந்த 5,90,000 இதில் 30 சதவீதம்தான். மீதியை ஜமாஅத் தர வேண்டும். கரண்டும் சர்வீஸும் மட்டும் மாதத்துக்கு 11,460 ரூபாய் வருகிறது. உங்கள் ஊர் மோதினாரின் மாதச் சம்பளத்தோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இன்வெர்ட்டர் ஏசி கரண்ட்டைக் குறைக்குமே என்று கேட்கலாம். அறை குளிர்ந்த பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடும்போதுதான் இன்வெர்ட்டரின் மிச்சம் கிடைக்கும். பள்ளிவாசலில் ஒவ்வொரு வேளையும் சூடான ஹாலில் புதிதாகத் தொடங்குகிறோம். குளிர்வதற்குள் தொழுகை முடிந்துவிடுகிறது. கதவும் திறந்து மூடியபடியே இருக்கும். எனவே பெரும்பாலும் முழு வேகத்தில்தான் ஓடும். வீட்டில் இரவு முழுக்க ஓடும் ஏசியின் கணக்கை இங்கே பொருத்த முடியாது.

ஒரு தடுப்பு மிச்சப்படுத்தும் பணம்

அதே ஹாலில் முன்பக்க ஸஃப்புகளை அலுமினியம், கண்ணாடித் தடுப்பால் பிரித்து, அன்றாடத் தொழுகைக்கு மூன்று ஏசி மட்டும் ஓடும்படி செய்தால் என்ன ஆகும்?

- தினசரி: 3 × 2 யூனிட் × 3.5 மணி × 240 நாள் = 5,040 யூனிட்
- ஜும்ஆவுக்குக் கூடுதலாக 5 ஏசி × 2 யூனிட் × 1.5 மணி × 34 வாரம் = 510 யூனிட்
- மொத்தம் 5,550 யூனிட், 44,400 ரூபாய்

வருடத்துக்கு 63,120 ரூபாய் மிச்சம். பத்து வருடத்தில் 6,31,200. எட்டு ஏசியை வாங்கி மாட்டிய மொத்தச் செலவையே இது தாண்டிவிடுகிறது! தடுப்புக்கு 1,20,000 ரூபாய் ஆனாலும் இரண்டு வருடத்துக்குள் அந்தப் பணம் திரும்பிவிடும். ஜும்ஆ அன்று மடக்கித் திறக்கும்படி அமைத்தால் ஸஃப்பு தொடர்ச்சிக்கும் இடைஞ்சல் இல்லை.

3 ஸ்டாரா, 5 ஸ்டாரா?

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் தரும் ஸ்டார் லேபிளில் ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று ஓர் எண் இருக்கும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர் கிடைக்கிறது என்பதே அது. எண் கூடினால் செலவு குறையும். ஸ்டார் வரம்புகளைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கடுமையாக்குவார்கள் என்பதால் பழைய ஸ்டாக்கில் உள்ள 5 ஸ்டார், புதிய கணக்கில் 4 ஸ்டாராக இருக்கலாம். ஸ்டாரை மட்டும் பார்க்காமல் இந்த எண்ணையும் லேபிளின் ஆண்டையும் பாருங்கள். லேபிளில் உள்ள வருடாந்தர யூனிட், 1,600 மணி நேர ஓட்டத்துக்கானது. நம் மாதிரிக் கணக்கில் தினசரி ஏசி ஓடுவது 840 மணி நேரம்தான்.

5 ஸ்டார் 20 சதவீதம் கரண்ட் மிச்சப்படுத்தும், விலை 10,000 ரூபாய் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். தினசரி ஓடும் ஏசிக்கு வருடம் 1,680 யூனிட். அதில் 336 யூனிட், அதாவது 2,688 ரூபாய் மிச்சம். நான்கு வருடத்துக்குள் கூடுதல் விலை திரும்பிவிடும். ஜும்ஆவுக்கு மட்டும் ஓடும் ஏசிக்கோ வருடம் 102 யூனிட்தான். மிச்சம் சுமார் 160 ரூபாய். போட்ட 10,000 அதன் ஆயுளுக்குள் திரும்பவே திரும்பாது.

எனவே அன்றாடப் பகுதிக்கு 5 ஸ்டார், ஜும்ஆ பகுதிக்கு 3 ஸ்டார் என்று வாங்குவதே கணக்குக்குப் பொருந்தும்.

நோன்பு நகர்வதையும் பாருங்கள்

தராவீஹ் கூட்டத்தை மனதில் வைத்தே பல நிர்வாகங்கள் பெரிய அளவில் திட்டமிடுகின்றன. ரமலான் ஒவ்வொரு வருடமும் சுமார் 11 நாள் முன்னே நகர்கிறது. 2026ல் பிப்ரவரியில் தொடங்கிய நோன்பு, 2030ல் ஜனவரியில் ஒருமுறையும் டிசம்பரில் ஒருமுறையும் வரும். 2035ல் நவம்பரை ஒட்டி வரும். இன்று வாங்கும் ஏசியின் ஆயுட்காலத்தில் பெரும்பாலான தராவீஹ், பனியிலும் மழையிலும்தான் நடக்கும், இன்ஷா அல்லாஹ். ஏப்ரல், மே மாத ஜும்ஆவை வைத்துத் திட்டமிட்டால் போதும்.

கடலோர ஊர்களுக்கு

காயல்பட்டினம், கீழக்கரை, அதிராம்பட்டினம், நாகூர் போன்ற ஊர்களில் உப்புக் காற்று வெளி யூனிட்டின் காயிலையும் தகட்டையும் அரித்துவிடும். அங்கே ஆயுளை 10 வருடம் என்று எடுக்காமல் 7 என்று எடுத்துக் கணக்கிடுவது பாதுகாப்பு. அப்போது உடைமைச் செலவு வருடத்துக்கு 59,000லிருந்து சுமார் 84,000 ஆகிறது. துருத்தடுப்புப் பூச்சு உள்ள காயிலைக் கேட்டு வாங்குங்கள். வெளி யூனிட்டைக் கடலைப் பார்த்த சுவரில் மாட்டாதீர்கள்.

பராமரிப்பில் போகும் பணம்

- ஃபில்டரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை தண்ணீரில் கழுவினால் போதும். இதற்கு மெக்கானிக் தேவையில்லை.
- ஏசியில் உள்ள கேஸ் எரிந்து தீரும் பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. கசிவை அடைக்காமல் வருடா வருடம் கேஸ் நிரப்புவது வீண் செலவு.
- ஒவ்வொரு ஏசிக்கும் தனி எம்சிபியும், போதிய கனமுள்ள வயரும் வேண்டும். பழைய ஃபேன் வயரில் ஏசியை இணைப்பது தீ விபத்துக்கு வழி.
- மூடிய ஹாலில் காற்றோட்டம் இல்லாவிட்டால் குத்பாவின்போது தூக்கமும் தலைவலியும் வரும். எக்ஸாஸ்ட் ஃபேன் அவசியம்.

ஏசிக்கு முன் செய்ய வேண்டியவை

மேல்தளம் வெயிலில் காய்ந்தால் எந்த ஏசியும் திணறும். மொட்டை மாடிக்கு வெள்ளைப் பூச்சோ, கூலிங் டைல்ஸோ போடுவது முதல் வேலை.

அடுத்து ஃபேன். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும், பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். 30 ஃபேனை நாளுக்கு 5 மணி நேரம் ஓட்டும் பள்ளியில் வருடம் 2,464 யூனிட், சுமார் 19,700 ரூபாய் மிச்சம். ஃபேன் 3,000 ரூபாய் என்றால் நாலரை வருடத்தில் முதல் திரும்பும். ஃபேனைச் சுழலவிட்டு ஏசியை 26 டிகிரியில் வைத்தாலே போதிய குளிர்ச்சி கிடைக்கும். ஒரு டிகிரி உயர்த்தினால் சுமார் 6 சதவீதம் கரண்ட் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் பணியகத்தின் கணக்கு.

சோலார் பற்றியும் பலர் கேட்கிறார்கள். நம் மாநிலத்தில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். பகலில் லுஹருக்கும் அஸருக்கும் பொருந்தும். இரவுத் தொழுகைகளுக்குப் பயன் கிடைப்பது, உங்கள் இணைப்புப் பிரிவுக்கு மின்வாரியம் எப்படிக் கழித்துத் தருகிறது என்பதைப் பொறுத்தது. எழுத்துப்பூர்வமாகக் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முதலீடு செய்யுங்கள். 78,000 ரூபாய் வரை மானியம் தரும் பி.எம். சூர்யா கர் திட்டம் வீடுகளுக்கானது.

வீடுகளுக்கும் இதே கணக்குதான்

வீட்டில் படுக்கையறை ஏசி இரவில் 8 மணி நேரம் ஓடுவதால் 5 ஸ்டாரும் இன்வெர்ட்டரும் விரைவில் பலன் தரும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். வீட்டு இணைப்பில் யூனிட் கூடக் கூட விகிதமும் கூடும். ஏசியின் யூனிட்கள் ஏற்கெனவே உள்ள பயன்பாட்டுக்கு மேல் சேர்வதால், உங்கள் பில்லின் உயர்ந்த படியில்தான் அவற்றுக்குப் பணம் கட்டுகிறீர்கள். சராசரி விகிதத்தை வைத்துக் கணக்கிட்டால் ஏமாற்றம்தான்.

நிர்வாகிகளுக்கும் கொடையாளர்களுக்கும்

- வாங்கும் முன் பத்து வருடக் கணக்கை ஒரு தாளில் எழுதி ஜமாஅத் முன் வையுங்கள்.
- ஏசிக்குத் தனி சப்-மீட்டர் பொருத்துங்கள். மாத யூனிட்டை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள்.
- யார் போடுவது, எப்போது அணைப்பது என்று ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.
- புதிய இயந்திரத்துக்காக வருடா வருடம் ஒரு தொகையைத் தனியே ஒதுக்குங்கள்.
- கொடை தரும் சகோதரர்களே! எட்டு ஏசிக்குப் பதில் ஆறு ஏசியும், மீதித் தொகையைக் கரண்ட், பராமரிப்பு நிதியாகவும் தந்தால் உங்கள் தர்மம் நீண்ட நாள் ஓடும்.

கடும் வெப்ப நாளில் லுஹரைச் சற்றுத் தாமதித்து, வெப்பம் தணிந்ததும் தொழுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. தொழுபவரின் சிரமத்தைக் கவனிப்பது சுன்னத்தில் உள்ளதே. அதே நேரம், பள்ளிவாசலுக்கு வரும்போது அழகாக வாருங்கள் என்று சொல்லும் அல்அஃராஃப் அத்தியாயத்தின் 31ஆம் வசனம், வீண்விரயம் செய்யாதீர்கள் என்றும் சேர்த்தே சொல்கிறது. வசதியும் வேண்டும், வரம்பும் வேண்டும்.

அல்லாஹ்வின் இல்லங்களைப் பராமரிக்கும் பொறுப்பை அமானிதமாகப் பேணி நடக்க வல்ல இறைவன் நம் அனைவருக்கும் அருள்புரிவானாக. ஆமீன்.