தூரனின் படைப்புலகில் குழந்தையின் ஸ்தானம்

பெரியசாமித் தூரனைப் பற்றி எழுதப் புகுவோர், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தையும், அதன் முதன்மைப் பதிப்பாசிரியர் என்ற முறையில் அவர் பெற்ற கீர்த்தியையும் முதலிற் கூறி, அடுத்துக் கச்சேரி மேடைகளில் இன்றும் ஒலிக்கும் அவருடைய கீர்த்தனங்களுக்கு வந்து, சிறுவர் கதைகளையும் நாடகங்களையும் ஓய்வு நேரத்துப் பணிபோல் ஈற்றிற் குறித்துவிட்டு அமைகின்றனர். இவ்வரிசை தலைகீழானது என்பதும், குழந்தையின் மனத்தை அறிய அவர் செய்த நெடிய பிரயத்தனமே பிற பணிகளுக்கெல்லாம் மூலம் என்பதும் என் துணிபு.

ஈரோட்டை அடுத்த மொடக்குறிச்சிப் பகுதியில், மஞ்சக்காட்டு வலசு என்னும் சிற்றூரில் 1908-இல் வேளாண் குடும்பமொன்றில் தூரன் பிறந்தார். சென்னையில் மாணவராயிருந்த காலத்தில் நண்பர்களோடு 'பித்தன்' என்ற இதழை நடத்தினார். பகத்சிங் தூக்கிலிடப்பட்ட 1931-இல், மனம் பொறாது, பட்டத்துக்குரிய இறுதித் தேர்வை எழுதாமலே விட்டார். பின்னர்க் கோபிசெட்டிபாளையத்திலும், தி. சு. அவினாசிலிங்கம் கோவையில் தோற்றுவித்த இராமகிருஷ்ண வித்தியாலயத்திலும் உபாத்தியாயராக அமர்ந்தார். வித்தியாலயம் மணியடித்ததும் கலைந்துவிடும் பள்ளியன்று. ஆசிரியரும் மாணவரும் ஒருங்கு வாழும் குருகுலம். அத்தகைய இடத்தில், வகுப்பறையில் வெளிப்படாத அச்சமும் பொறாமையும் பிடிவாதமும் தாயைப் பிரிந்த ஏக்கமும் ஆசிரியர் கண்ணுக்குத் தப்பா. 1948-இல் கலைக்களஞ்சியப் பொறுப்பை ஏற்கும் முன்பே அவருக்கு வாய்த்த பெரிய நூலகம் இதுவே என்று கொள்ளலாம்.

'குழந்தை உள்ளம்', 'குமரப் பருவம்', 'தாழ்வு மனப்பான்மை', 'அடிமனம்' முதலிய உளவியல் நூல்களை இப்பின்னணியில் வைத்தே வாசித்தல் வேண்டும். பிராய்டும் ஆட்லரும் மேனாட்டு மருத்துவ மனைகளில் ஆராய்ந்த விஷயங்களைத் தமிழ்ப் பெற்றோர் தம் வீட்டு வாசலிலேயே அடையாளங்கண்டுகொள்ளும்படி எழுதுதல், அக்காலத்தில் எளிய காரியமன்று. அவருடைய சிறுவர் கதைகளும் அதே கண்ணோட்டத்தின் பயன் என்பதற்குச் 'சூரப்புலி' சான்றாகும். அதன் கதாநாயகன் ஒரு நாய். ஜாக் லண்டன் நாயொன்றை நடுநாயகமாக்கி எழுதிய நாவலையும் 'கானகத்தின் குரல்' என்று தூரன் தமிழாக்கினார். பேச வராத ஓர் உயிரின் உள்ளத்துக்குள் வாசகனை அழைத்துச் செல்லும் வித்தை, தன் மனத்தைச் சொல்லத் தெரியாத சிறுவனைப் புரிந்துகொள்ள முயலும் ஆசிரியனுக்கு அத்தியாவசியமான பயிற்சி அல்லவா?

நாடகங்களுள் 'ஆதி அத்தி' ஒன்றையே இங்கு எடுத்துக்கொள்கிறேன். காவிரி வெள்ளம் கொண்டுபோன ஆட்டனத்தியைத் தேடியலைந்த ஆதிமந்தியின் சரித்திரம் சங்கச் செய்யுட்களில் குறிப்பாக மட்டுமே கிடைப்பது. நிகழ்ச்சி சுருங்கியும் வேதனை மிகுந்தும் உள்ள இத்தகைய கருவை நாடகத்துக்குத் தேர்ந்ததில், மனப் போராட்டத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு புலனாகிறது.

சிறுவர்க்கு அவர் காட்டிய நிலப்பரப்பும் கவனத்துக்குரியது. 'கொல்லிமலைக் குள்ளன்' என்றும் 'சங்ககிரிக் கோட்டையின் மர்மம்' என்றும் தலைப்பிலேயே உள்ளூர் மலையையும் கோட்டையையும் ஏற்றி, சாகசத்துக்குக் கடல் கடக்க வேண்டியதில்லை என்று கொங்குநாட்டுச் சிறுவனுக்கு அவர் உணர்த்தினார். நாட்டுப்பாடல்களை அரிதின் திரட்டிக் 'காற்றில் வந்த கவிதை'யாக வழங்கியவரும் அவரே; பண்டிதர் உலகு அப்பாடல்களை இலக்கியமென ஏற்கத் தயங்கிய காலம் அது. குழந்தையின் சொல்லும் பாமரரின் சொல்லும் ஒருங்கே மதிக்கப்பட்ட ஒரு நெஞ்சத்தை இங்குக் காண்கிறோம்.

ஆயினும் என் கட்சிக்கு வலிமை மிக்க ஆதாரம் குழந்தைகள் கலைக்களஞ்சியமே. 1968-இல் பெரியவர்க்கான களஞ்சியம் முற்றுப்பெற்றது, பத்மபூஷண் விருதும் அவ்வாண்டே கிடைத்தது, வயதோ அறுபது. ஓய்வு கொள்வதற்கு எல்லா நியாயமும் இருந்த அவ்வேளையில், அவர் தலைமையில் குழந்தைகளுக்கான முதல் தொகுதி வெளிவந்து, 1976-க்குள் பத்தும் நிறைவெய்தின. இங்கிலாந்தில் ஆர்தர் மீ சிறுவர் களஞ்சியத்தை இதழ்களாக வெளியிடத் தொடங்கியது, தூரன் பிறந்த அதே 1908-இல் என்பது இடையே நினைவுகூரத்தக்கது. மீ பத்திரிகையாளர், தூரனோ ஆசிரியர். அறிஞர்க்கு எழுதுவோன் கலைச்சொல்லின் மறைவில் ஒதுங்கிக்கொள்ள இடமுண்டு. பத்து வயதுச் சிறுவனுக்குக் கிரகணத்தை விளக்குவோன் தானே அதனைத் தெளிவுற அறிந்திருத்தல் வேண்டும். ஆதலின் இரண்டாவது களஞ்சியத்தை முதலாவதன் சுருக்கமென மதிப்பிடுவது பிழை; இரண்டனுள் அரிய பணி அதுவே.