புணேயின் விடியலும் பள்ளி மணியும்: குளிர்கால விடுமுறை பற்றி ஒரு குறிப்பு

புணே சிவாஜிநகர்ப் பகுதியில் ஒரு நாற்சந்திக்குச் 'சிம்லா ஆபீஸ் சௌக்' என்று பெயர். இமயச் சரிவிலுள்ள ஓர் ஊரின் பெயர் தக்காணப் பீடபூமிக்கு வந்து சேர்ந்ததற்கு வானிலையே காரணம். 1875இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தலைமையகம் கல்கத்தாவிலிருந்து 1905இல் சிம்லாவுக்கும், அங்கிருந்து 1928இல் புணேக்கும் பெயர்ந்தது. அலுவலகத்தோடு ஊர்ப்பெயரும் உடன்வந்தது. 1944இல் தலைமையகம் தில்லிக்குச் சென்ற பின்னும் அப்பெயர் மக்கள் வழக்கில் நிலைத்துவிட்டது. இடப்பெயராய்வாளர்க்குச் சுவையான செய்தி இது. இங்கு அதன் பயன் வேறு.

அவ்வலுவலகம் வந்த ஏழாவது ஆண்டில், 1935 ஜனவரி 17 அன்று, புணேயில் 1.7 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. நகரின் மிகக் குறைந்த வெப்பநிலையாக இன்றளவும் சுட்டப்படுவது அதுவே. ஜனவரியில் அங்கு இயல்பான இரவுநேரக் குறைந்த அளவு ஏறத்தாழ 11 டிகிரி. 2018 டிசம்பர் இறுதியில் அது 6 டிகிரிக்கும் கீழே இறங்கியது. வெப்பமானி இவ்வாறு இறங்கும் காலங்களில் 'பள்ளிகளை மூட வேண்டாமா' என்ற வினா எழுவது இயல்பு. வட மாநிலங்களில் மாவட்ட ஆட்சியர்கள் விடுமுறை அறிவிக்கும் செய்தி நாள்தோறும் வரும்போது, புணேப் பெற்றோர் தம் ஊரையும் அவற்றோடு ஒப்பிட்டுப் பார்க்கின்றனர். அந்த ஒப்பீடு சரியானதா என்பதே இங்கு ஆராய வேண்டியது.

வானிலைத் துறையின் கலைச்சொற்களிலேயே இதற்கு ஒரு திறவுகோல் உண்டு. அத்துறை 'குளிர் அலை' என்பதையும் 'குளிர்ப் பகல்' என்பதையும் வேறு வேறாக வரையறுக்கிறது. சமவெளியில் குறைந்த வெப்பநிலை 10 டிகிரி அல்லது அதற்கும் கீழே இருந்து, இயல்பிலிருந்து 4.5 டிகிரியேனும் குறைந்தால் அது குளிர் அலை. இயல்பு எதுவாயினும் 4 டிகிரியைத் தொட்டாலும் குளிர் அலையே. குளிர்ப் பகலுக்கோ அது மட்டும் போதாது. குறைந்த அளவு 10 டிகிரிக்குள் இருக்க, பகலின் உச்ச வெப்பநிலையும் இயல்பிலிருந்து 4.5 டிகிரியேனும் தாழ வேண்டும். முன்னது விடியலின் அளவு, பின்னது நண்பகலின் அளவு. செய்தித்தாள்களும் விடுமுறை ஆணைகளும் இவ்விரண்டையும் பெரும்பாலும் ஒன்றாகவே குழைத்துவிடுகின்றன.

கங்கைச் சமவெளியின் ஜனவரிக் குளிர் பல நாள்களில் இரண்டாம் வகையினது. மூடுபனி சூரியனை மறைத்துவிடுவதால் பகலிலும் வெப்பம் ஏறுவதில்லை. காலை எட்டு மணியின் குளிர் பிற்பகல் இரண்டு மணிக்கும் வகுப்பறையில் குடியிருக்கும். அங்கே பள்ளியை மூடுவதற்கு ஒரு நியாயம் உண்டு. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 560 மீட்டர் உயரத்திலுள்ள புணேயின் நிலை வேறு. வறண்ட காற்று, மேகமற்ற வானம். பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் தடையின்றி வெளியேறுகிறது. அதே தெளிந்த வானம் மறுநாள் வெயிலையும் தடையின்றி விடுகிறது. ஜனவரிப் பிற்பகலில் 30 டிகிரியை நெருங்குவது அங்கு வியப்பன்று. ஒரே நாளில் ஏறத்தாழ 18 டிகிரி ஏற்ற இறக்கம். காலையில் கம்பளிச் சட்டையோடு புறப்பட்ட குழந்தை பகலில் அதைக் கழற்றிப் பைக்குள் திணித்துக்கொண்டு திரும்புகிறது. பல வேளைகளில் பள்ளியிலேயே மறந்துவிட்டும் வருகிறது.

பழந்தமிழ் இலக்கணம் காலத்தைப் பெரும்பொழுது, சிறுபொழுது என இரண்டாகப் பகுத்தது. மார்கழியும் தையும் முன்பனி என்னும் பெரும்பொழுது. வைகறை, விடியல், நண்பகல் முதலியன சிறுபொழுதுகள். 'பனித்தல்' என்ற வினைக்கு நடுங்குதல் என்ற பொருளும் உண்டு. புணேயில் குழந்தை பனிப்பது சிறுபொழுதால். அதற்குத் தீர்வாகக் கோரப்படும் விடுமுறையோ பெரும்பொழுதின் அளவுகோலால் தரப்படுவது. ஒரு மணி நேரக் குளிருக்காக ஒரு முழுப் பகலை இழப்பது நல்ல பேரம் அன்று.

அந்த ஒரு மணி நேரத்தில் குழந்தையைச் சாலையில் நிறுத்துவது கடிகாரம். இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையைக் கொண்டு கணிக்கப்படுகிறது. புணே 74 பாகைக்குச் சற்று மேற்கே இருப்பதால் அதன் சூரியன் கடிகாரத்துக்குச் சுமார் 35 நிமிடம் பின்தங்குகிறது. பம்பாய் நகரம் 1906இல் திட்ட நேரம் வந்த பின்னும் தன் பழைய 'பம்பாய் நேர'த்தை 1955 வரை விடாமல் வைத்திருந்ததை வெறும் பிடிவாதம் என்று சொல்லிவிட முடியாது. ஜனவரி நடுவில் கல்கத்தாவில் 6.20க்குள் விடிந்துவிடும், புணேயில் 7 மணி கடந்த பிறகே கதிரவன் தோன்றும். காலை 7 மணிக்கு முதல் மணி அடிக்கும் புணேப் பள்ளிக்குச் செல்லும் குழந்தை 6.15க்கே பேருந்துக்காகத் தெருவில் நிற்கிறது. நாளின் மிகக் குறைந்த வெப்பநிலை விடியலை ஒட்டியே பதிவாகிறது என்பதை நினைத்தால், அதற்கு இதைவிட மோசமான நேரத்தைத் தேர்ந்தெடுப்பது கடினம்.

2023 டிசம்பரில் அன்றைய ஆளுநர் ரமேஷ் பைஸ், குழந்தைகளுக்குப் போதிய உறக்கம் கிடைக்கப் பள்ளி நேரத்தை மாற்ற வேண்டும் என்று பேசினார். 2024 பிப்ரவரி 8 அன்று மகாராஷ்டிர அரசு, மழலையர் வகுப்பு முதல் நான்காம் வகுப்பு வரை காலை 9 மணிக்கு முன் தொடங்கக் கூடாது என ஆணையிட்டது. முதன்மைக் காரணம் உறக்கமே எனினும், குளிரிலும் மழையிலும் குழந்தைகள் அதிகாலையில் எழுந்து புறப்படுவதன் இடரும் அதில் பேசப்பட்டது. குளிரின் பெயரால் ஒரு நாளும் மூடாமல் குளிருக்கு விடை தேடிய ஆணை என்று அதனைக் கொள்ளலாம். எதிர்ப்பும் உடனே வந்தது. ஒரே கட்டடத்தில் இரண்டு ஷிப்டு நடத்தும் பள்ளிகள் இடமில்லை என்றன. பேருந்து உரிமையாளர்கள் அலுவலக நேர நெரிசலைக் காட்டினர். ஆக, விடியற்காலைப் பள்ளியின் வேர் கட்டடப் பற்றாக்குறையிலும் சாலையிலும் இருக்கிறது. ஐந்தாம் வகுப்புக்கு ஏறிய குழந்தை இருட்டில் நிற்பதை அந்த ஆணையும் தொடவில்லை.

அதற்கு ஒரு மாதம் முன்பு தில்லியும் இதே முடிவுக்கு வேறு வழியில் வந்தது. 2024 ஜனவரியில் ஐந்தாம் வகுப்பு வரையிலான விடுமுறை 12ஆம் தேதி வரை நீட்டிக்கப்பட்டது. 15 அன்று திறந்தபோது, காலை 9க்கு முன்னும் மாலை 5க்குப் பின்னும் வகுப்பு கூடாது என்றது அரசு. பருவத்துக்கேற்ப நாட்காட்டியை வளைப்பதும் மகாராஷ்டிரத்துக்குப் புதிதன்று. ஜூன் நடுவில் பிற பகுதிகளில் பள்ளி திறக்கும்போது விதர்ப்பம் மட்டும் வெயிலை முன்னிட்டு மாத இறுதியில் திறக்கிறது.

விடுமுறை கேட்போர் மனத்தில் இருப்பது கதவும் போர்வையும் உள்ள வீடு. புணே மாவட்டத்தின் பாராமதி, இந்தாபூர்ப் பகுதிகளுக்குக் கரும்பு வெட்ட பீட் முதலிய மாவட்டங்களிலிருந்து குடும்பங்கள் வருவது சரியாகக் குளிர்காலத்தில்தான். ஆலைகள் அரைக்கத் தொடங்கும் அக்டோபர், நவம்பர் முதல் மார்ச் வரை அவர்கள் வயலோரத்தில் 'கோப்பி' எனப்படும் கூம்புக் குடிசைகளில் தங்குகின்றனர். அக்குழந்தைகளுக்காக ஆலைப் பகுதிகளில் 'சாகர் சாளா' என்ற பருவகாலப் பள்ளிகள் நடத்தப்பட்டதுண்டு. சமைத்த மதிய உணவு தர வேண்டும் என 2001 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்ட பின், அரசுப் பள்ளியின் கதவு திறந்திருப்பது என்பது சூடான ஒரு வேளைச் சோறும் ஆயிற்று. குளிர் அலை வீசும் நாளில் பள்ளி மூடப்பட்டால் அக்குழந்தை திரும்பிச் செல்ல வேண்டிய இடம் அந்தக் கோப்பி; பெற்றோர் அதற்கு முன்பே, இருள் பிரியுமுன், கரும்புக் கொல்லைக்குப் போயிருப்பர்.